வினவி வென்ற மருத்துவர்

வினா ஆறு வகைப்படும் என்று நம் இலக்கண நூலார் வகுத்துள்ளனர். விடையறிந்த ஒருவர் பிறர்தம் அறிவை அளத்தற்பொருட்டுக் கேட்பது அறிவினா. அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என ஐயுற்றுத் தெளிவு வேண்டிக் கேட்பது ஐயவினா. எஞ்சிய கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்னும் மூன்றும் அன்றாட உலக வழக்கிற்குப் பயன்படுவன. பள்ளியில் ஆசிரியர் மாணவரை நோக்கிக் கேட்கும் வினாக்களுள் பெரும்பாலன அறிவினாக்களே. அவற்றிற்குரிய விடை கேட்பவர் உள்ளத்தில் முன்னரே இருக்கின்றது. விடை ஒருவர்க்கும் தெரியாதபோது, அதிலும் பிணியும் சாவும் பெருகி ஊரே கலங்கி நிற்கும்போது, எதனை எவ்வாறு வினவுதல் வேண்டும் என்று அறிதல் மிக அரிது. அவ்வருஞ்செயலைச் செய்து, கொடிய கொள்ளைநோய் ஒன்றினைத் தடுக்க உலகிற்கு வழிகாட்டியவர், ஜான் ஸ்நோ என்னும் ஆங்கில நாட்டு மருத்துவர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஸ்நோ, இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் என்னும் பழம்பெரு நகரில், 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். இவர்தம் தந்தையார் உடலுழைப்பால் பொருளீட்டிக் குடும்பத்தைக் காத்து வந்தவர். அவருக்குப் பிறந்த மக்கள் ஒன்பதின்மர். அவருள் மூத்தவர் ஸ்நோ. வறுமை சூழ்ந்த குடும்பமாயினும் கல்வியின் அருமையை உணர்ந்த பெற்றோர் தம் மைந்தரைப் பள்ளிக்கு அனுப்பினர். சிறுவரும் கணக்கில் பெருவிருப்பம் கொண்டு கற்றார்.

அந்நாளில் மருத்துவராக விரும்புவோர், முதற்கண் அத்தொழிலில் வல்ல ஒருவரை அடைந்து, அவருடன் இருந்து பணிபுரிந்து தொழில் பயிலுதல் வழக்கம். நம் நாட்டுக் குருகுல முறையை ஒருவாறு ஒத்தது அம்முறை. ஸ்நோ தம் பதினான்காம் வயதில் நியூகாசில் நகரை அடைந்து, வில்லியம் ஹார்ட்காசில் என்னும் மருத்துவரிடம் மாணவராக அமர்ந்தார். பதினேழாம் வயதில் புலால் உண்பதை விடுத்தார். மதுவை நீக்கி வாழ்வதே நன்று என்னும் கொள்கையும் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பருகும் நீர் தூயதாக இருத்தல் வேண்டும் என்பதில் இளமை முதலே அவர் கருத்துச் செலுத்தினார். எளிமையும் அடக்கமும் அவருடன் பிறந்த பண்புகள். பேச்சில் வல்லவர் அல்லர். ஆயினும் எண்ணத்தில் ஆழ்ந்தவர்.

சுரங்கத்தில் எழுந்த ஐயம்

1817ஆம் ஆண்டில் வங்காளத்தினின்றும் வெளிப்பட்டு நாடு நாடாகப் பரவத் தொடங்கிய கொடுநோய் ஒன்று, 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தையும் எட்டியது. வாந்திபேதி என்றும் காலரா என்றும் வழங்கப்படும் நோயே அது. காலையில் நலமுடன் தொழிலுக்குச் சென்றவர் மாலையில் பிணமாவதும் உண்டு. அரிசி கழுவிய நீர் போன்ற கழிச்சலும் ஓயாத வாந்தியும் உடலின் நீர் அனைத்தையும் வடித்துவிடும். கண்கள் குழிந்து, கைகால்கள் சில்லிட்டு, தோல் சுருங்கி, நோயாளர் நினைவு மாறாமலே உயிர் துறப்பர்.

நியூகாசிலை அடுத்த கில்லிங்வர்த் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் கடுமையாகப் பரவியது. ஆசிரியர், பதினெட்டு வயதே நிரம்பிய தம் மாணவர் ஸ்நோவை அவ்வூர்க்கு அனுப்பினார். இளைஞர் அல்லும் பகலும் நோயாளரைப் பேணினார். ஆயினும் அந்நாளைய மருந்துகளுள் ஒன்றேனும் நோயைத் தீர்க்கவில்லை.

நோயின் கொடுமையைக் கண்ட அவர் கண்கள் வேறு சிலவற்றையும் கண்டன. சுரங்கத் தொழிலாளர் விடியுமுன் நிலத்தடியில் இறங்கி நெடும்பொழுது உழைப்பர். கையோடு கொண்டு சென்ற உணவைக் கழுவாத கையாலேயே உண்பர். சுரங்கத்துள் கழிப்பிடம் என்று ஒன்று இல்லை. அவ்விருண்ட இடத்தில் ஒருவர் கழிவு மற்றவர் கையிற் படாமல் இருத்தல் இயலாது. பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் ஸ்நோ இவற்றை எடுத்துக் காட்டியுள்ளார். இளமையிற் கண்ட காட்சி, உரிய காலம் வரும் வரையில் அவர் உள்ளத்தில் உறங்கிக் கிடந்தது போலும்.

மயக்க மருந்தும் மருத்துவப் புகழும்

1836ஆம் ஆண்டில் ஸ்நோ இலண்டன் மாநகர்க்குப் புறப்பட்டார். நெடுவழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். அங்குப் பயின்று 1838இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். 1844இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவப் பட்டமும் அவரை அடைந்தது. சோகோ என்னும் மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் வாழ்ந்து அவர் மருத்துவம் புரிந்தார்.

1846ஆம் ஆண்டின் இறுதியில், ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து, வலியறியாமல் அறுவை செய்யலாம் என்னும் செய்தி அமெரிக்காவினின்றும் வந்தது. மருத்துவர் பலரும் அதனைக் கையாண்டனர். சிலர்க்கு மயக்கம் வந்தது, சிலர்க்கு வரவில்லை. சிலர் ஈதர் பயனுடையது என்றனர். சிலர் பயனற்றது என்றனர். ஸ்நோ அவ்வழக்கில் புகவில்லை. இவ்வளவு வெப்பமுள்ள காற்று எவ்வளவு ஈதர் ஆவியை ஏற்கும் என்று வினவினார். அளவிட்டுக் காணத்தக்க வினா அது. அதற்குரிய விடையை அட்டவணையாக்கினார். வேண்டிய அளவு ஆவியை மட்டும் செலுத்தும் கருவி ஒன்றனையும் அமைத்தார். ஈதரின் இயல்பு குறித்து 1847ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் மருத்துவரிடையே பெருமதிப்புப் பெற்றது. பின்னர் வந்த குளோரபாரத்தையும் அவ்வாறே ஆராய்ந்தார். விக்டோரியா அரசியார் 1853ஆம் ஆண்டிலும் 1857ஆம் ஆண்டிலும் மகப்பேறு உற்றபோது, குளோரபாரம் அளிக்க அழைக்கப்பெற்றவர் கூலித் தொழிலாளியின் மைந்தராகிய ஸ்நோவே.

திசை திரும்பிய வினா

1848, 1849ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி மீண்டும் இங்கிலாந்தைத் தாக்கியது. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அழுகிய பொருள்களினின்றும் சாக்கடைகளினின்றும் எழும் நச்சுக்காற்றே இந்நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்துப் பேரறிஞர் பலர் கொண்ட முடிபு. அம்முடிபு அறிவற்றதென்று எள்ளத்தக்கதன்று. நாற்றம் மிகுந்த ஏழையர் குடியிருப்புகளிலேயே நோயும் மிகுந்து காணப்பட்டது. ஆதலின், நச்சுக்காற்று எங்கே பிறக்கின்றது, அதனை எவ்வாறு போக்குவது என்பனவே அனைவரும் கேட்ட வினாக்களாயின. அரசினரும் சாக்கடைகளைக் கழுவி, அக்கழிவு முழுவதையும் தேம்சு ஆற்றில் விட்டனர். அவ்வாற்று நீரையே மக்கள் பருகினர்.

ஸ்நோ அவ்வினாக்களுக்கு விடை தேடவில்லை. அவற்றிற்கு முன்னே கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றனைக் கேட்டார். இந்நோய் உடலின் எவ்வுறுப்பை முதலில் தாக்குகின்றது என்பதே அவ்வினா. காற்றுடன் கலந்து மூச்சின்வழிப் புகும் நஞ்சாயின், நுரையீரலும் குருதியும் முதலில் கெடுதல் வேண்டும். காய்ச்சல் முதலிய குறிகள் முன்னே தோன்றுதல் வேண்டும். வாந்திபேதியோ குடலிலேயே தொடங்குகின்றது. எனவே நோய்க்குரிய பொருள் வாயின்வழி உண்ணப்பட்டும் பருகப்பட்டுமே உட்புகுதல் வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார்.

ஆவிகளின் இயல்பை அளந்தறிந்த அவர்க்கு மற்றோர் ஐயமும் எழுந்தது. ஆவி, தோன்றும் இடத்தில் செறிந்தும், அதனை விட்டு அகல அகல நீர்த்தும் நிற்கும். நாற்றமே நோய்க்குக் காரணமாயின், தோல் பதனிடுவோரும் எலும்பு காய்ச்சுவோரும் அன்றோ முதலில் மடிதல் வேண்டும்? அவர்கள் பிறரினும் மிகுதியாக மடியவில்லை.

நோயாளர் கழிவில் உள்ள நோய்ப்பொருள் குடிநீரிற் கலந்து பரவுகின்றது என்னும் கருத்தை ஸ்நோ 1849ஆம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். மருத்துவ உலகம் அதனை ஏற்கவில்லை. நீர் கெட்ட இடத்தில் காற்றும் கெட்டிருக்கின்றது. அவ்விரண்டனுள் நீரே குற்றவாளி என்பதற்குச் சான்று யாது என்று அறிஞர் வினவினர். தம்மை மறுத்தவர் எழுப்பிய அவ்வினா நேர்மையானது என்பதை ஸ்நோ உணர்ந்தார், சினங்கொள்ளவில்லை. காற்று ஒன்றாகவும் நீர் மட்டும் வேறாகவும் அமைந்த மக்கள் எங்கேனும் உளரோ என்று தேடத் தொடங்கினார்.

ஒரே தெரு, இருவேறு நீர்

அத்தகைய மக்களை 1854ஆம் ஆண்டில் தென் இலண்டனில் அவர் கண்டார். அங்கு இரண்டு நிறுவனங்கள் குழாய் வழியாக நீர் வழங்கி வந்தன. சௌத்வார்க்-வாக்சால் நிறுவனம், நகரின் கழிவு கலந்த பேட்டர்சீப் பகுதியில் தேம்சு நீரை எடுத்தது. இலாம்பெத் நிறுவனமோ 1852ஆம் ஆண்டு முதல், நகர்க் கழிவு கலவாத மேல்பகுதியாகிய தேம்சு டிட்டன் என்னும் இடத்தில் நீர் எடுத்தது. இரு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. ஒரு வீட்டிற்கு ஒன்றன் நீர். அடுத்த வீட்டிற்கு மற்றொன்றன் நீர். செல்வரும் வறியரும், முதியரும் இளையரும் இரு நீரையும் பருகினர். சுவாசித்த காற்றோ ஒன்றே. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தாம் அறியாமலே இவ்வாறு இரு பிரிவாகப் பிரிந்திருந்தனர்.

ஸ்நோ, இறந்தோர் வாழ்ந்த வீடுகளுக்கு வீடுவீடாகச் சென்றார். அவ்வீட்டிற்கு எந்நிறுவனம் நீர் தருகின்றது என்று கேட்டார். வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் அதனை அறியார். அந்நிலையிலும் அவர் தளரவில்லை. மனிதர் கூறவியலாத விடையை நீரையே கூறச் செய்தார். கழிவு கலந்த சௌத்வார்க் நீரில் உப்பு மிகுதி. இலாம்பெத் நீரில் அது மிகக் குறைவு. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சிறிது விட்டால், உப்பு மிகுந்த நீர் பால்போல் வெளுக்கும். இவ்வாறு ஒவ்வொரு வீட்டு நீரையும் அவர் அடையாளம் கண்டார்.

நோய் பரவிய முதல் ஏழு வாரங்களின் கணக்கு இது. சௌத்வார்க்-வாக்சால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் இறந்தோர் 1,263 பேர். இலாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் இறந்தோர் 98 பேர். பதினாயிரம் வீடுகளுக்கு எனக் கணக்கிட்டால், முன்னதில் 315 பேரும் பின்னதில் 37 பேரும் மாண்டனர். எட்டு மடங்கிற்கும் மேற்பட்ட இவ்வேறுபாட்டிற்குக் காற்றைக் காரணமாகக் கூறுதல் எங்ஙனம்?

பிராட் தெருக் கிணறு

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, ஸ்நோவின் இல்லத்திற்கு அண்மையில், சோகோவின் பிராட் தெருவைச் சுற்றிப் பெருங்கேடு விளைந்தது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதி நாளின் இரவில் வாந்திபேதி வெடித்துப் பரவியது. பத்தே நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உயிர் பிழைத்தோர் வீடுகளைப் பூட்டி ஊரைவிட்டு ஓடினர்.

அத்தெருவில் ஒரு கிணற்றின்மீது அடிகுழாய் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் நீர் சுவையுடையது எனப் பெயர் பெற்றது. ஸ்நோ அந்நீரின்மேல் ஐயுற்றுச் செப்டம்பர் 3ஆம் நாள் மாலை அதனை எடுத்து ஆராய்ந்தார். நீர் பெரும்பாலும் தெளிந்தே இருந்தது. தம் கருத்திற்கு மாறான அச்சான்றை அவர் மறைக்கவில்லை; முடிவு கூறத் தயங்கினார். நீர் விடை தராதபோது, இறந்தோர் பதிவேட்டை வினவினார். அவ்வாரத்தில் அப்பகுதியில் நேர்ந்த 83 சாவுகளின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொரு வீடாகச் சென்றார்.

அவற்றுள் 73 சாவுகள், வேறெந்த அடிகுழாயினும் பிராட் தெருக் குழாயே அண்மையில் உள்ள வீடுகளில் நிகழ்ந்தவை. அவருள் 61 பேர் அக்குழாயின் நீரை எப்போதுமோ இடையிடையேயோ பருகியவர் என்பது விளங்கியது. எஞ்சிய பத்துச் சாவுகள் வேறு குழாய்கள் அண்மையில் உள்ள வீடுகளில் நிகழ்ந்தவை. கொள்கை வெறி கொண்டோர் இப்பத்தனையும் கணக்கினின்றும் தள்ளியிருப்பர். ஸ்நோவோ இவற்றையே மிகுதியாக ஆராய்ந்தார். அப்பத்துப் பேருள் ஐவர் வீட்டார், சுவை கருதிப் பிராட் தெரு நீரையே தேடிச்சென்று எடுத்து வந்தனர். மூவர், அக்குழாயின் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று வந்த சிறுவர்.

பின்னர் அவர் வினாவைத் திருப்பினார். இறந்தோர் ஏன் இறந்தனர் என்று கேட்டது போதாது. இறவாதோர் ஏன் இறக்கவில்லை என்று கேட்டார். குழாய்க்கு அண்மையில் இருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தனர். சுற்றிலும் வீடுதோறும் சாவு நிகழ, அங்கு இறந்தோர் ஐவரே. அவ்வில்லத்திற்குத் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் வடிக்கும் ஆலை ஒன்றில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவருள் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. அவர்கட்கு ஆலையிலேயே பீர் வழங்கப்பட்டமையாலும், ஆலைக்குள் வேறு கிணறு இருந்தமையாலும், தெருக்குழாயை அவர்கள் நாடவில்லை. அதே தெருவில் துப்பாக்கிக்குரிய வெடிமூடி செய்யும் தொழிற்சாலையிலோ, அக்குழாயின் நீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தனர். அங்கு உழைத்த ஏறத்தாழ இருநூற்றுவருள் பதினெண்மர் மாண்டனர்.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பல கல் தொலைவில், நோயே இல்லாத ஹாம்ப்ஸ்டெட் பகுதியில், மூதாட்டி ஒருவர் வாந்திபேதியால் இறந்தார். அவரோ பிராட் தெருப்பக்கம் பல திங்களாக வந்தவர் அல்லர். ஸ்நோ அவர் மைந்தரிடம் சென்று கேட்டார். முன்னர் அத்தெருவில் வாழ்ந்த அவ்வம்மையார், அந்நீரின் சுவையை மறக்கமாட்டாமல் நாள்தோறும் வண்டியில் வருவித்துப் பருகி வந்தார் என்பது தெரிந்தது. அவர் இல்லத்திற்கு வந்து அந்நீரைப் பருகிச் சென்ற உறவினப் பெண்ணும், நோயில்லாத தம் ஊர் சேர்ந்து அங்கே இறந்தார். பிராட் தெருக் காற்று அவ்விருவரையும் தொடவில்லை. நீர் மட்டுமே சென்று சேர்ந்தது.

செப்டம்பர் 7ஆம் நாள் ஸ்நோ அப்பகுதியின் நிருவாகக் குழுவினரைக் கண்டு தம் சான்றுகளை எடுத்துரைத்தார். மறுநாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடியமையால், அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்நோ தம் நூலில் மறையாது எழுதினார். தமக்கு உரியதன்று என ஐயுறத்தக்க புகழைத் தாமே விலக்கிய பெருந்தகைமை அது.

பாதிரியார் தொடர்ந்த ஆராய்ச்சி

அப்பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் பாதிரியார் இருந்தார். நோயுற்ற குடும்பங்களை நன்கு அறிந்தவர். ஸ்நோவின் கருத்துத் தவறென்று மெய்ப்பிக்கவே அவர் ஆராயப் புகுந்தார். ஆனால் வீடுவீடாகக் கேட்கக் கேட்க, விடைகள் யாவும் அக்கிணற்றையே சுட்டின. தம் எண்ணம் பொய்த்தது கண்டு அவர் நாணவில்லை. உண்மையை உவந்து ஏற்று, ஸ்நோவின் நண்பரானார்.

கிணறு கெட்டது எவ்வாறு என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை கண்டவர் வைட்ஹெட்டே. கிணற்றை அடுத்த வீட்டில் ஐந்து திங்கள் குழந்தை ஒன்று, ஊரில் நோய் பரவுமுன், ஆகஸ்டு 28ஆம் நாளே கழிச்சல் கண்டு, பின்னர் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின்முன் இருந்த கழிவுக் குழியில் கொட்டினார். 1855ஆம் ஆண்டில் தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடித் தொலைவுகூட இல்லை என்பதும், குழியின் சுவர் சிதைந்து கழிவு கசிந்தது என்பதும் தெரியவந்தன. அக்குழந்தையின் தந்தை நோயுற்ற நாள் செப்டம்பர் 8. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அது கழற்றப்படாதிருப்பின், கிணறு மீண்டும் நஞ்சாகி, மற்றுமொரு பேரழிவு நேர்ந்திருத்தல் கூடும்.

உலகம் ஏற்ற வரலாறு

இவ்வளவு சான்றுகள் இருந்தும் ஸ்நோவின் முடிபை அரசினர் அமைத்த குழு ஏற்கவில்லை. 1855ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவின்முன் அவர் சான்று கூறியபோது, நாற்றமே நோய் தரும் என்பதை மறுத்துப் பேசினார். அதற்காக இலான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் அவரை எள்ளி எழுதியது. தம் ஆராய்ச்சியை விரிவான நூலாக்கி அச்சிட அவர் செலவிட்டது 200 பவுனுக்கு மேல். விற்பனையால் வந்தது நான்கு பவுனுக்கும் குறைவு. எனினும் அவர் சோர்ந்து இருந்திலர். தம் பணியைத் தொடர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்து, 1858ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் உலகை நீத்தார். இலான்செட்டு இதழ் அவர் மறைவைச் சில வரிகளில் குறித்தது. அவற்றுள் வாந்திபேதி ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உண்மை உறங்குமேயன்றி இறவாது. 1866ஆம் ஆண்டில் கீழை இலண்டனில் மீண்டும் வாந்திபேதி தோன்றியது. முன்னர் நச்சுக்காற்றுக் கொள்கையைப் போற்றிய வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞர், ஸ்நோ காட்டிய நெறியிலேயே ஆராய்ந்து, அசுத்தமான குடிநீரே காரணம் எனக் கண்டார். 1854ஆம் ஆண்டிலேயே இத்தாலிய நாட்டுப் பிலிப்போ பாசினி நுண்ணோக்கியால் அந்நோய்க் கிருமியைக் கண்டிருந்தார். உலகம் அதனையும் கருதவில்லை. 1884ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராபர்ட் காக் நம் நாட்டுக் கல்கத்தா நகரில் ஆராய்ந்து, அக்கிருமியை ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தார். கிருமியைக் காணாமலே, வினாக்களைக் கொண்டே அது செல்லும் வழியைக் கண்டவர் ஸ்நோ. இன்று பிராட் தெரு இருந்த இடத்தில், கைப்பிடியில்லாத அடிகுழாய் ஒன்று அவர்தம் நினைவுச் சின்னமாக விளங்குகின்றது.

வினாவின் பயன்

ஸ்நோ பிறரினும் மிகுதியாகக் கற்றவர் என்று கூறுதற்கில்லை. அவரை மறுத்தவருள்ளும் கல்வியிற் சிறந்தோர் பலர் இருந்தனர். அவர்கள் கண்ட நோயாளரையே அவரும் கண்டார். அவர்கள் நடந்த தெருவிலேயே அவரும் நடந்தார். வேறுபட்டது அவர் கேட்ட வினா ஒன்றே.

மாணவர்களே! அவர் வினவிய முறையை உற்று நோக்குங்கள். ஊரார் கேட்கும் வினாவிற்கு விடை தேடுமுன், அவ்வினாவே சரியானதோ என்று அவர் ஆராய்ந்தார். எல்லாவற்றையும் ஒருங்கே விளக்கும் பெருவினாவை விடுத்து, அளந்தும் எண்ணியும் காணத்தக்க சிறுவினாக்களைத் தொடுத்தார். தம் கருத்திற்கு இசைந்த சான்றுகளோடு அமையாமல், இசையாதவற்றை நாடிச் சென்றார். கேடுற்றவரைப் பற்றிக் கேட்டதோடு நில்லாது, கேடுறாதவரைப் பற்றியும் கேட்டார். மறுப்பவர் வினாவையும் தமக்குரிய வினாவாக ஏற்றுக்கொண்டார்.

கணக்கில் விடை வாராதபோதும், வாழ்வில் இடர் நேர்ந்தபோதும் நாம் பெரும்பாலும் ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்டு மனம் தளர்கின்றோம். பூட்டிற்குப் பொருந்தாத திறவுகோலை எத்துணை முறை திருப்பினும் கதவு திறவாது. அந்நிலையில், வேறு திறவுகோல் தேடுவதே அறிவுடைமை. அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு, ஐயத்தை ஐயமாகவே நிறுத்தி, உண்மை ஒன்றையே நாடி வினவப் பழகுவீராக. தூய நீர் கிடையாத நாடுகளில் வாந்திபேதி இன்றும் உயிர் கொள்கின்றது. அதுபோல விடை காணாத துன்பங்கள் உலகில் இன்னும் பல உள்ளன. அவை நல்ல வினாவை எழுப்பும் இளைஞரை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன.